பாலிமர் களிமண் வேலை: தொடங்குவார்க்குச் சில குறிப்புகள்

களிமண் என்ற சொல்லைக் கேட்டவுடனே குயவரது திகிரியும் சூளையும் நினைவிற்கு வருதல் இயல்பு. அந்நினைவோடு பாலிமர் களிமண்ணைக் கையில் எடுப்பவர் முதல் நாளிலேயே ஏமாற்றமடைவர். யாமும் அடைந்தோம். இப்பொருள் பெயரால் களிமண்ணாயினும் இயல்பால் அஃதன்று. இவ்வோர் உண்மையை முதற்கண் உணர்ந்து கொள்வார்க்கு, இவ்வேலையைப் பற்றிய விதிகளிற் பெரும்பாலன தாமே விளங்கும்.

ஆற்றங்கரைக் களிமண் குழைவது, அதன் தட்டையான நுண்துகள்களின் இடையே நீர் நிற்பதனால். நீர் வற்றினால் அம்மண் இறுகிச் சுருங்கும். ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், துகளோடு இயைந்து நின்ற நீரும் நீங்கிய பின்னரே, மீண்டும் கரையாத ஓடாக மாறும். பாலிமர் களிமண்ணோ, நீர்க்குழாய்கள் செய்யும் பாலிவினைல் குளோரைடு என்னும் பிளாஸ்டிக்கின் பொடியை எண்ணெய் போன்றதோர் இளக்கியோடு பிசைந்து நிறமூட்டியது. சில வகைகளில் வெண்களிமண் சிறிது கலப்பதுண்டு. ஆயினும் குழைவைத் தருவது அதுவன்று. சூடேறுங்கால் இளக்கி பொடியின் துகள்களுக்குள்ளே புகும். துகள்கள் பருத்து ஒன்றோடொன்று கலந்து ஓருடலாகும். ஆகவே இங்கு நிகழ்வது உலர்தல் அன்று, ஒன்றுபடுதலே.

இதன் வரலாறு சுவையுடையது. ஜெர்மனியில் பொம்மை செய்தலிற் புகழ்பெற்ற கேத்தே குரூசே அம்மையாரின் மகள் சோபி, 1930களின் இறுதியில் இத்தகைய பொருளொன்றைக் கையாளத் தொடங்கினார். அவரது செல்லப்பெயர் ஃபிஃபி. பின்னர் 1964இல் எபர்ஹார்டு ஃபாபர் நிறுவனத்தார் அதனைப் பெற்று ஃபீமோ என்ற பெயரால் விற்கலாயினர். அமெரிக்காவில் வழங்கும் ஸ்கல்பி என்பதோ, மின்மாற்றிகளின் வெப்பத்தைக் கடத்துதற்கெனச் செய்யப்பட்டு, அதற்கு உதவாது போன பொருள் என்பர். உதவாத பொருள் சிற்பிகளின் கைக்கு வந்தது நம் நற்பேறே!

இனி வேலைக்கு வருவோம். கடையில் வாங்கிய கட்டி பெரும்பாலும் இறுக்கமாகவே இருக்கும். யாம் முதன்முறை குயவர் வழியைப் பின்பற்றி அதன்மேல் நீர் தெளித்தோம். நீர் உட்புகாது வழுக்கியதேயன்றி, கட்டி சற்றும் இளகவில்லை. எண்ணெயிற் குழைந்த பொருளை நீர் எங்ஙனம் இளக்கும்? சிறு துண்டுகளாக வெட்டி, உள்ளங்கையின் சூட்டிலே உருட்டியும் மடித்தும் பிசைதலே முறை. பத்து நிமிடம் பிசைந்த பின், மடித்தால் விளிம்பு வெடியாதிருப்பின் பதம் வந்ததென்று கொள்க. வெண்ணிறத்தை முதலிலும் கருமை, செம்மை முதலியவற்றைப் பின்னரும் பிசைய வேண்டும். அன்றேல் கையில் ஒட்டிய நிறமெல்லாம் வெண்மையிற் படிந்துவிடும்.

மேசையின் வார்னிஷ் பூச்சின்மேல் இதனை இரவு முழுதும் வைத்தால், இளக்கி கசிந்து பூச்சைக் கெடுக்கும். ஆதலின் கண்ணாடித் தகடோ மெருகிட்ட ஓடோ வேலைத்தளமாக அமைதல் நன்று. எஞ்சியதைப் பாலித்தீன் பையிலிட்டு நிழலில் வைக்கலாம். காற்றுப் பட்டு இது காயாது. ஆனால் கோடை வெயில் பட்டால் பாதி வெந்ததுபோல் ஆகி வீணாகும்.

தொடங்குவார்க்கு உருண்டை மணிகளே ஏற்றவை. அவற்றிற் கை பழகிய பின் பூத்தண்டு செய்து பார்க்கலாம். வெனிஸ் நகரையடுத்த முரானோத் தீவின் கண்ணாடி வினைஞர் கையாண்ட முறை இது. பல நிறக் கம்பிகளைப் பூவின் உருவம் தோன்ற அடுக்கி, ஒரே தண்டாக இறுக்கி, மெல்ல நீட்டி, குறுக்கே அரிந்தால் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ தோன்றும். அரியுமுன் தண்டைச் சிறிது நேரம் குளிர வைத்தல் வேண்டும். யாம் பொறுமையின்றிச் சூட்டோடு அரிந்த தண்டில், பூக்கள் யாவும் நசுங்கிய கத்தரிக்காய் போலாயின.

எல்லாவற்றினும் கவனத்திற்குரியது சுடுதல். வெப்பம் பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி வரை வேண்டப்படும். அளவு வகைதோறும் வேறுபடுதலால் உறையில் அச்சிட்டிருப்பதையே கொள்க. யாம் ஓய்வு பெறவிருந்த எம் ஆசிரியை ஒருவர்க்கு மாலையொன்று செய்ய எண்ணி, ஆறு மாலைப்பொழுதுகள் உழைத்து மணிகளை உருட்டினோம். அரைமணி நேரம் சுட்டபின் ஓவனைத் திறந்து தொட்டுப் பார்த்தோம்; மணிகள் மெத்தென்றிருந்தன. இன்னும் வேகவில்லை என்றெண்ணி வெப்பத்தை மிகுத்தோம். சிறிது நேரத்தில் வெண்மணிகள் பழுத்துக் கருகின. மூக்கையும் கண்ணையும் அரிக்கும் புகை எழுந்தது. சாளரங்களைத் திறந்து வெளியே ஓடினோம்.

மணிகள் முன்னரே வெந்திருந்தன என்பதைப் பிற்பாடே அறிந்தோம். பிளாஸ்டிக் சூட்டில் மெதுவாகவும் ஆறியபின் உறுதியாகவும் இருத்தல் அதன் இயல்பு. சூளையிலிருந்து எடுத்த ஓட்டைப்போல் இதனைத் தட்டிப் பார்த்து முடிவு செய்தல் இயலாது. அளவு கடந்து சூடேற்றினால் பாலிவினைல் குளோரைடு சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயுவை வெளிவிடும். அது நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகவே ஓவனின் திருகிலுள்ள எண்ணை நம்பாது, தனி உஷ்ணமானி ஒன்றை உள்ளே வைத்தே சுடுக. மேற்கம்பியின் அனல் நேரே தாக்காதவாறு அலுமினியத் தாளால் மூடுதலும் நன்று. மைக்ரோவேவ் அடுப்பு இதற்கு ஆகாது. போதிய வெப்பம் பெறாததும் கேடே: மேலே நன்றாகத் தோன்றினும் கோத்த சில நாளில் பிளந்துவிடும்.

ஆறிய மணிகளை நுண்ணிய உப்புத்தாளால் நீரிலேயே தேய்த்துத் துணியால் துடைத்தால் மெருகு ஏறும். நகப்பூச்சைப் பூசலாகாது, அதன் கரைப்பான் மேற்புறத்தை இளக்கி என்றும் பிசுபிசுப்பாக்கும். உணவுண்ணும் பாத்திரங்களும் இப்பொருளாற் செய்தல் தகாது. வேலைக்கு எடுத்த கத்தியையும் உருட்டுகட்டையையும் மீண்டும் சமையலறைக்கு அனுப்புதல் கூடாது. ஆசிரியைக்குரிய இரண்டாம் மாலை, அவர் விடைபெற்ற மூன்றாம் வாரத்தில் அஞ்சலில் சென்றது.