ஈரச் சுவரில் எழுதிய அடியார் வரலாறு

கதை கூறும் ஓவியம் நமக்குப் புதியதன்று. திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தில் அண்ணாந்து நோக்கினால், விருஷபதேவர், வர்த்தமானர் முதலியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருத்தலைக் காணலாம். அத்தகைய கதையோவியத்தின்பால் வங்க ஓவியர் ஒருவர் திரும்பிய வகையை ஈண்டுப் பயில்வோம்.

பினோத் பிகாரி முகர்ஜி 1904ஆம் ஆண்டு பிறந்தவர். பிறவியிலேயே அவருக்கு ஒரு கண் பார்வையற்றது. மற்றதிலும் பார்வை குறைவு. சாந்திநிகேதனத்துக் கலா பவனத்தில் நந்தலால் போஸிடம் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் இவருடைய மாணாக்கர். நெடுங்காலம் இவர் தீட்டியவை பெரும்பாலும் இயற்கைக் காட்சிகளே. செம்மண் வெளியும் தனித்து நிற்கும் மரங்களும் இவருக்குப் போதுமானவையாயிருந்தன.

1946-47ஆம் ஆண்டுகளில் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில், 70 அடிக்கும் மேற்பட்ட நீளத்தில், இடைக்கால அடியார்களின் வாழ்வைத் தீட்டினார். அதற்கு அவர் மேற்கொண்ட முறை மிகப் பழையது. ஈரச் சுதையின்மீது எழுதும் முறையாகும்.

இதன் இயல்பை அறிதல் வேண்டும். சுவரின்மீது சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைப் பூசி, அது உலருமுன் நீரில் குழைத்த வண்ணத்தை இடுவர். பசை ஏதும் சேர்ப்பதில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லக் கல்லாக இறுகுகிறது. வண்ணமும் அதனுள் சிறைப்படுகிறது. ஆகவே அன்றன்று எழுதக்கூடிய அளவிற்கே மேற்பூச்சு இடுவர். ஒரு கோடு பிழைத்தால் அழிக்க இயலாது. அப்பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டியதுதான். கரும்பலகையில் எழுதியும் அழித்தும் பழகிய எம் போன்ற ஆசிரியர்க்கு இஃது அச்சந்தரும் செய்தி! பார்வை குன்றிய ஒருவர், சுவரளவு மாதிரி வரைந்து படியெடுக்காமலே, நேரே சுவரில் எழுதினார் என்பதை மாணாக்கர்க்குச் சொல்லுதல் தகும்.

திருப்பருத்திக்குன்றத்தில் காட்சிகள் பட்டை பட்டையாகப் பிரிக்கப்பட்டு, தமிழ்க் குறிப்புகளும் பெற்றுள்ளன. முகர்ஜியோ அவ்வாறு பிரிக்கவில்லை. இராமாநுசர், கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த சிங் ஆகியோரை மக்கள் கூட்டத்தினிடையே, ஆறு ஒழுகுவது போல் தொடர்ந்து அமைத்தார். தறியில் நெய்யும் கபீரும் அக்கூட்டத்தில் ஒருவரே. கண்ணொளி அற்றவரெனப் போற்றப்படும் சூர்தாசரை, கண்ணொளி குன்றிய கை எழுதியது.

காலத்தையும் மறத்தலாகாது. 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் சமயக் கலவரம் மூண்டது. அடுத்த ஆண்டு நாடு பிளவுண்டது. அவ்வேளையில் வெவ்வேறு நெறியினரான அடியார்களை ஒரே சுவரில், இடையே கோடு கிழிக்காமல் எழுதியதே இவ்வோவியத்தின் பெருஞ்செய்தி என்பது எம் கருத்து. வெறும் இயற்கைக் காட்சியால் இதனைக் கூறியிருக்க முடியாது. இத்திருப்பத்தைப் பழமையின் மீதுள்ள ஏக்கம் என்று தள்ளுவது பொருந்தாது.

1950களின் பிற்பகுதியில், அறுவை மருத்துவம் பயனளிக்காமல், அவர் பார்வையை முற்றும் இழந்தார். அதன் பின்னும் காகிதத்தைக் கத்தரித்தும் களிமண்ணைப் பிசைந்தும் உருவங்களைப் படைத்தார். 1972இல் கலா பவனச் சுவரொன்றில் சுட்ட மண் ஓடுகள் பதித்து மற்றொரு பெரும்படைப்பை நிறைவேற்றினார்.