லோகோவுக்கு முன் பட்டியல்: கணக்காளர்களுக்கு ஒரு போர்ட்டல் வழிகாட்டி

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை மூச்சுவிட நேரமிருக்காது. வருமான வரியின் முதல் தவணை ஆகஸ்ட் 15. முந்தைய வரி ஆண்டின் மீதியைக் கட்டி முடிக்க வேண்டிய நாள் செப்டெம்பர் 30. அறைகள் நிரம்பியிருக்கும் நேரம் பார்த்துத்தான் கணக்காளர் பற்றுச்சீட்டு கேட்டு அழைக்கிறார். வட்ஸ்அப்பில் வந்த படங்களோ நாலைந்து போன்களில் சிதறிக் கிடக்கின்றன.

திருகோணமலையில் சிறிய கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை செய்கிறீர்களா? இந்தச் சிக்கலைத் தீர்ப்பவராக மாறுங்கள். வாடிக்கையாளர் ஆவணங்களைப் பதிவேற்றவும், அறிக்கைகளைப் பார்க்கவும், ஒப்புதல் தரவும் ஓர் இணையப் போர்ட்டல் போதும். ஸோஹோ பிராக்டிஸ், டாக்ஸ்டோம் என்று ஆயத்தமாகவே கிடைக்கின்றன. நமக்கேற்ப மாற்றியும் கொள்ளலாம்.

பலர் லோகோவிலும் நிறத்திலும் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை. தொழிலுக்குத் தொழில் என்ன ஆவணம் கேட்பது என்ற பட்டியலே முதல் வேலை.

ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் பதிவான அறைக்கு விருந்தினர் 20,000 ரூபா கட்டுகிறார். பதிவுத்தளம் 3,000 ரூபா தரகைக் கழித்து 17,000ஐ வங்கியில் போடுகிறது. வங்கிக் கூற்றை மட்டும் வைத்து எழுதினால் வருமானம் குறைந்துவிடும். வட் பதிவு உள்ளவரானால் 18 சதவீத வரிக் கணக்கும் பிழைக்கும். அதனால் 'வங்கிக் கூற்று' பெட்டிக்குப் பக்கத்தில் 'பதிவுத்தளத் தரகு அறிக்கை' என்று தனிப் பெட்டி வையுங்கள். அட்டை இயந்திர அறிக்கைக்கும் ஒன்று. பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். சிங்கள வாடிக்கையாளருக்குச் சிங்களத்தில்.

பலநாள் படகு முதலாளிக்கு இந்தப் பட்டியல் உதவாது. அவருக்கு டீசல், ஐஸ் பில்கள், மீன் விற்ற துண்டு, பயணம் முடிந்ததும் ஆட்களுக்குப் பங்கு பிரித்த கணக்கு ஆகியவை வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை கேட்காமல் பயணத்துக்கு ஒருமுறை கேட்கும்படி அமைத்தால் துண்டுகள் தொலையாது.

யார் எதைப் பார்க்கலாம் என்பதில் கறாராக இருங்கள். சம்பளப் பட்டியலில் ஊழியர் சேமலாப நிதிக்கான 8, 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் மட்டுமல்ல, ஒவ்வொருவரின் அடையாள அட்டை இலக்கமும் இருக்கிறது. வரவேற்பு மேசைக்கு அது தெரியத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இதை விருப்பத்துக்கு விட முடியாது. முதலாளிக்கும் கணக்கெழுதும் மகனுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கொடுங்கள். இறைவரித் திணைக்களத்தின் ரமிஸ் கடவுச்சொல்லை வட்ஸ்அப்பில் வாங்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

சந்தா கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால் எல்லாக் கோப்புகளையும் இறக்கிக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் வாங்க வேண்டாம்.

போனில் படமெடுத்து அனுப்பத் தெரிந்தவருக்குப் போர்ட்டலும் பழகிவிடும். ஆனால் முதல் தடவை அவரின் கடைக்கே போய், அவரின் போனிலேயே ஒரு பில்லை ஏற்றிக் காட்டுங்கள். காணொளி அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் நடக்காது.

புதிய வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. சீசன் அதற்கு அடுத்த மாதம். மார்ச்சிலேயே ஒரு ஹோட்டல், ஒரு படகு, ஒரு கடை என்று மூவரோடு ஆரம்பித்துவிடுங்கள்.