ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு

எங்கள் கணிப்பொறி ஆய்வகத்தில் சில நாட்களில் ஏதேனும் ஒரு கணிப்பொறி திடீரென்று நின்றுவிடும். எந்த விசையை அழுத்தினாலும் அசையாது. "சிஸ்டர், என் கம்ப்யூட்டர் நின்னுடுச்சு!" என்று ஒருத்தி குரல் கொடுப்பாள். சிஸ்டர் வந்து அதை அணைத்து மீண்டும் இயக்குவார்கள். நமக்கு ஐந்து நிமிடம் வீணாகும், அவ்வளவுதான். ஆனால் அதே கணிப்பொறி ஒரு போர்க்கப்பலிலோ, டாங்கியிலோ, ஏவுகணைத் தளத்திலோ இருந்தால் என்னவாகும்? இக்கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

இயக்க அமைப்பு என்பது யாது?

கணிப்பொறியில் ஓடும் எல்லா நிரல்களையும் மேற்பார்வை செய்யும் தலைமை நிரலே இயக்க அமைப்பு ஆகும். ஒரு பள்ளியில் எந்த வகுப்பு எந்த அறையில், எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பதைத் தலைமையாசிரியை வகுப்பதுபோல, எந்த நிரல் எப்போது ஓட வேண்டும், நினைவகத்தில் அதற்கு எவ்வளவு இடம் என்பதை இது வகுக்கிறது. நாம் நன்கறிந்த விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

போர்க்கருவிகளில் பெரும்பாலும் வேறொரு வகை வேண்டியிருக்கிறது. அதற்கு நிகழ்நேர இயக்க அமைப்பு என்று பெயர். வீட்டுக் கணிப்பொறி ஒரு கடிதத்தை இரண்டு நொடி தாமதித்து அச்சிட்டால் குடி முழுகிப்போகாது. பாய்ந்து வரும் ஏவுகணையைக் கண்காணிக்கும் கணிப்பொறியோ சரியான விடையைத் தாமதமாகத் தந்தால், அது தவறான விடைக்குச் சமம். மருத்துவமனையில் காய்ச்சல்காரர்கள் வரிசையில் நின்றாலும், விபத்தில் அடிபட்டவரை முதலில் உள்ளே அழைத்துச் செல்கிறார்கள் அல்லவா? நிகழ்நேர இயக்க அமைப்பும் அவ்வாறே அவசர வேலையை முதலில் எடுத்து, குறித்த நேரத்திற்குள் முடித்துத் தருகிறது.

இதற்கு மற்றொரு பண்பும் உண்டு. ஒரு நிரல் பழுதானாலும் அதன் கேடு அடுத்த நிரலுக்குப் பரவாதபடி நடுவே சுவர் எழுப்பிவிடுகிறது. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தில் உள்ள இன்டெக்ரிட்டி-178பி என்னும் இயக்க அமைப்பு இவ்வாறு அமைக்கப்பட்டதே.

நடுக்கடலில் நின்ற கப்பல்

அத்தகைய சுவர் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1997-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்னும் போர்க்கப்பலில், குறைந்த ஆட்களைக் கொண்டு கப்பலை நடத்தும் சோதனைக்காகக் கணிப்பொறிகளைப் பொருத்தியிருந்தார்கள். அவற்றில் விண்டோஸ் என்டி என்னும் இயக்க அமைப்பு இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் கப்பல் சென்றுகொண்டிருந்தபோது, பணியாளர் ஒருவர் ஓரிடத்தில் பூச்சியம் என்று பதிவு செய்தார். நிரல் அந்தப் பூச்சியத்தால் ஓர் எண்ணை வகுக்க முயன்றது. பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்பது கணக்குப் பாடத்தில் நாம் படித்ததே. ஒரு நிரலில் எழுந்த குழப்பம் கணிப்பொறி வலையமைப்பு முழுவதும் பரவியது. கப்பலைச் செலுத்தும் எந்திரங்கள் நின்றன. அந்தப் பெரிய போர்க்கப்பல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அசைவற்று நின்றது.

பிழை இயக்க அமைப்பினுடையதா, அதன்மேல் ஓடிய நிரலினுடையதா என்று பின்னர் பெரும் விவாதம் நடந்தது. எதுவாயினும், பூச்சியத்தை ஏற்க மறுத்திருக்க வேண்டிய இடத்தில் நிரல் அதை ஏற்றுக்கொண்டது என்பது மட்டும் தெளிவு. நல்வேளையாக உயிரிழப்பு ஏதும் இல்லை.

தஹ்ரான் தரும் பாடம்

எல்லா நிகழ்ச்சிகளும் இவ்வாறு முடிவதில்லை. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், எதிரியின் ஏவுகணைகளை வானிலேயே தாக்கி அழிக்கும் பேட்ரியட் என்னும் அமெரிக்கக் கருவி நிறுவப்பட்டிருந்தது. அதன் கணிப்பொறி நேரத்தை நொடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணி வந்தது. பிறகு அந்த எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றால் பெருக்கி நொடிகளாக மாற்றியது. பிழை இந்தப் பெருக்கலில்தான் ஒளிந்திருந்தது.

மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீளும் அல்லவா? கணிப்பொறிக்கு 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே தெரியும். அந்த முறையில் எழுதினால் பத்தில் ஒன்றும் அவ்வாறே முடிவின்றி நீள்கிறது. பேட்ரியட் கணிப்பொறியில் 24 இலக்கங்களுக்கே இடம் இருந்ததால், மீதி வெட்டப்பட்டது. ஒவ்வோர் எண்ணிக்கையிலும் நேர்ந்த பிழை 0.000000095 நொடி மட்டுமே. இதை யார் பொருட்படுத்துவார்?

ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்கருவி 100 மணி நேரத்திற்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. 100 மணி நேரத்தில் 36,00,000 எண்ணிக்கைகள். அதைப் பிழையால் பெருக்கினால் 0.34 நொடி, அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு! பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையோ நொடிக்கு ஏறத்தாழ 1,676 மீட்டர் வேகம் உடையது. கண் இமைக்கும் அந்த நேரத்தில் அது ஐந்நூறு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆகவே கணிப்பொறி வானில் தவறான இடத்தைப் பார்த்தது. அங்கே ஏவுகணை இல்லை. எதிர்த்தாக்குதல் நிகழவே இல்லை.

பிப்ரவரி 25-ஆம் நாள் இரவு அந்த ஏவுகணை அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின்மேல் விழுந்தது. 28 பேர் இறந்தனர். அவர்களுள் 13 பேர் குடிநீரைச் சுத்திகரிக்கும் பணிக்காக வந்து, ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். இறந்தவர்களுள் மூவர் பெண்கள்.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. நீண்ட நேரம் ஓடினால் கருவி குறி தவறுகிறது என்பதை இஸ்ரேலியர்கள் இரண்டு வாரங்களுக்கு முன்பே கண்டு தெரிவித்திருந்தார்கள். பிப்ரவரி 16-ஆம் நாளே திருத்திய நிரல் தயாராகிவிட்டது. 21-ஆம் நாள், "மிக நீண்ட நேரம்" இயக்கினால் பிழை வரும் என்று தளங்களுக்கு எச்சரிக்கையும் அனுப்பினார்கள். ஆனால் அது எத்தனை மணி நேரம் என்று குறிப்பிடவில்லை. கருவியை அணைத்து மீண்டும் இயக்கியிருந்தாலே கடிகாரம் பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கும். அதற்கு ஆகும் நேரம் ஒன்றரை நிமிடத்திற்குள்தான்! எங்கள் ஆய்வகத்தில் சிஸ்டர் செய்வதும் அதுவே. திருத்திய நிரல் தஹ்ரான் வந்து சேர்ந்தது 26-ஆம் நாள், அதாவது மறுநாள்.

நாம் கற்பது என்ன?

போர்க்கருவிகளின் நிரல்களில் பிழை புகாதிருக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980-களில் ஒரு நிரல்மொழியை வகுத்தது. அதன் பெயர் அடா. எல்லைக்குள் அடங்காத எண்ணைக் கண்டால் உடனே பிழை என்று சுட்டிக்காட்டுவது அதன் சிறப்பு. உலகின் முதல் நிரலாளர் என்று போற்றப்படும் ஆங்கிலேயப் பெண்மணி அடா லவ்லேசின் நினைவாகவே அப்பெயர் சூட்டப்பட்டது. அம்மொழியின் தர எண்ணான 1815 அவர் பிறந்த ஆண்டாகும். ஒரு பெண்ணின் பெயர் கவனத்திற்கும் துல்லியத்திற்கும் அடையாளமாக நிற்பது நமக்குப் பெருமையே.

போர்கள் இல்லாத உலகமே நம் அனைவரின் வேண்டுதல். எனினும், இப்பாடம் போர்க்களத்தோடு நிற்பதில்லை. மருத்துவமனையின் கருவிகளிலும், தொடர்வண்டியின் சைகைகளிலும் இன்று கணிப்பொறிகள் இயங்குகின்றன. நாளை அவற்றுக்கு நிரல் எழுதப்போகிறவர்கள் நம்மிலும் இருக்கலாம். கணக்கில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு "சிறிய பிழைதானே, சிஸ்டர்" என்று நாம் சொல்லும்போதும், "நீண்ட நேரம்" என்று எழுதிவிட்டு எவ்வளவு நேரம் என்பதை எழுதாமல் விடும்போதும், தஹ்ரானை நினைத்துக்கொள்வோம். அங்கே தவறியது ஒரு நொடிகூட அல்ல. அதில் மூன்றில் ஒரு பங்குதான்.