டேலி சிட்டிக்கு வேலைக்குப் போகும் தங்கைக்கு

டேலி சிட்டி கிளினிக்கில் மனநல ஆலோசகராகச் சேரப்போகிறாய். சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய அந்த ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிலிப்பினோ. சேரும் முன்னால் அக்கா சொல்வதைக் கேட்டுக்கொள்.

எடுத்த எடுப்பில் மனசைப் பற்றிக் கேட்காதே. தலைவலி, தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். அதிலிருந்தே பேச்சைத் தொடங்கு. எத்தனை மணி நேரம் தூக்கம், நைட் ஷிஃப்டா, சாப்பிட்டாச்சா? நம்மைப் போலவே அவர்களும் சாப்பாட்டைக் கேட்டுத்தான் நலம் விசாரிப்பார்கள். வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. எப்படி அழைக்கலாம் என்று அவரிடமே கேள்.

ஆங்கிலம் சரளமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே. பிலிப்பைன்ஸ் 1898 முதல் 1946 வரை அமெரிக்கா ஆண்ட நாடு. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் அப்போதே வேரூன்றிவிட்டது. ஆனால் அழுகை வீட்டு மொழியில்தான் வரும். அது தகாலோக்தான் என்று நீயாக முடிவு கட்டாதே. இலோக்கானோவாக இருக்கலாம், செபுவானோவாகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பாளரை வெளியூரிலிருந்து போனில் பிடி. ஒரே சர்ச்சுக்குப் போகிறவர் வந்து உட்கார்ந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெற்ற பிள்ளையை நடுவில் உட்காரவைத்து அம்மாவின் துக்கத்தை மொழிபெயர்க்கச் சொல்வது கொடுமை. அதை மட்டும் செய்யவே செய்யாதே.

நர்ஸ்கள் நிறையப் பேர் வருவார்கள். அமெரிக்க நர்ஸ்களில் பிலிப்பினோக்கள் சுமார் 4 சதவீதம்தான். ஆனால் 2020 செப்டம்பரில் நர்ஸ் சங்கம் வெளியிட்ட கணக்கில், கோவிட்டில் இறந்த நர்ஸ்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிலிப்பினோ. கூட வேலை பார்த்தவர்களை இழந்துவிட்டு மறுநாளே டியூட்டிக்குப் போனவர்கள் இவர்கள். சிரித்த முகத்தைப் பார்த்து 'நன்றாக இருக்கிறார்' என்று எழுதிவிடாதே. லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. எது உங்கள் இருவருக்குள் இருக்கும், எதை நீ வெளியே சொல்லியாக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடு.

ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்கச் சொல்லாதே. தம்பியின் படிப்பு, அப்பாவின் மருந்து எல்லாம் அதில்தான் ஓடுகிறது. அந்தப் பாரத்தை யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று மட்டும் கேள். அம்மாவைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்து, பல வருடம் கழித்து வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குத் தனியாக நேரம் ஒதுக்கு. அம்மாவே அவர்களுக்கு அந்நியமாகத் தெரியலாம். அதைத் திமிர் என்று யாரும் சொல்ல விடாதே.

குடும்பத்தையோ பாதிரியாரையோ சேர்த்துக்கொள்வது பலருக்குத் தெம்பு தரும். உன்னிடம் வந்தவரின் சம்மதம் கேட்டுவிட்டுச் செய். தற்கொலை எண்ணம் வந்ததா என்பதை மட்டும் சுற்றி வளைக்காமல் கேள். பாவம் என்ற பயத்தில் முதலில் மறுக்கலாம்; இன்னொரு நாளும் கேள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 எண்ணை எழுதியே கொடு.

காலை ஷிஃப்ட் முடியும் நேரத்தை ஒட்டி ஒரு ஸ்லாட் காலியாக வை. சொன்ன நாளில் வரவில்லையென்றால் ஆர்வமில்லை என்று ஃபைலை மூடாதே, நீயே போன் போடு.