மண்ணோடு மண்ணாய் மறையும் பறவை

காஞ்சிபுரத்துத் தறியில் பட்டுச் சேலை நெய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் கொடுத்து, இரண்டையும் கோர்வை போட்டு இணைப்பார்கள். அரக்கு உடலும் பச்சைக் கரையும் சேரும் இடம் பத்தடி தொலைவிலும் பளிச்சென்று தெரியும். அதே சேலையில் உடலின் நிறத்து நூலாலேயே புட்டா போட்டால் என்ன ஆகும்? பூ இருக்கும், ஆனால் எளிதில் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் புலப்படும்.

பறவைகளிலும் இவ்விரண்டு வகையும் உண்டு. மயிலும் மீன்கொத்தியும் முதல் வகை. நாம் இங்கே காணப்போவது இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு பறவை. 86 ஆண்டுகள் அது பறவையியலாரின் கண்ணில் படவில்லை. அழிந்தே போயிற்று என்று பலரும் எண்ணினர். ஆனால் அது அழியவில்லை. அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது?

மறைவது எப்படி?

முதலில் நம் ஊர்ப் பறவைகளைப் பார்ப்போம். காஞ்சிபுரத்தை அடுத்த பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கிறது. அதை ஒட்டிய தரிசு நிலங்களிலும் காய்ந்த ஏரிப் படுகைகளிலும் கோடைக் காலத்தில் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இல்லை. தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிலும் சில கூழாங்கற்கள், அவ்வளவுதான். முட்டைகள் மண்ணின் நிறத்தில், கரும்புள்ளிகளோடு இருக்கும். இரண்டடி தள்ளி நின்றாலும் கல்லுக்கும் முட்டைக்கும் வேறுபாடு தெரியாது.

இவ்வாறு சூழ்நிலையின் நிறத்தோடு ஒன்றிப்போவது முதல் உத்தி. இரண்டாவது உத்தி, உருவத்தை உடைப்பது. நம் கண் ஒரு பொருளை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் வெளிக்கோட்டைக் கொண்டுதான். உடலின் குறுக்கே கருமையாகவோ வெண்மையாகவோ பட்டைகள் ஓடினால் அந்தக் கோடு துண்டு துண்டாகிவிடும். பார்ப்பவருக்குப் பறவை தெரியாது. சில நிறத் திட்டுகளே தெரியும்.

மூன்றாவது உத்தி ஒளியைப் பற்றியது. வெயில் மேலிருந்து விழுவதால் எந்தப் பொருளுக்கும் முதுகு வெளுத்தும் வயிறு இருண்டும் தோன்றும். அதனால்தான் அது திரண்ட உருவமாகத் தெரிகிறது. பல பறவைகளுக்கு முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதால் இந்த நிழல் ஈடாகி, உடல் தட்டையாகத் தோன்றுகிறது.

இம்மூன்றும் பயன்பட வேண்டுமானால் நான்காவதாக ஒன்று வேண்டும். அதுதான் அசையாமை. பகலில் தரையில் படுத்திருக்கும் பக்கிக் குருவி, மிதித்துவிடும் தூரத்துக்கு நாம் வந்தபிறகே எழுந்து பறக்கிறது. அதுவரை அது ஒரு சருகு.

ஜெர்டன் கோர்சர்

தாமஸ் ஜெர்டன் என்பவர் ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றியவர். தென்னிந்தியப் பறவைகளை ஆராய்ந்தவர். அவருடைய பெயரைத் தாங்கிய ஜெர்டன் கோர்சர் என்ற பறவையை 1848இல் எட்வர்ட் பிளைத் விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். பெண்ணாறு, கோதாவரி ஆகிய ஆறுகளை ஒட்டிய பகுதிகளில் அது காணப்பட்டது. தெலுங்கில் அதற்குக் கலிவி கோடி என்று பெயர். கோடி என்றால் கோழி.

இதன் நீளம் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர். முதுகு மண்ணின் பழுப்பு நிறம், வயிறு வெண்மை. மார்பில் இரண்டு பட்டைகள் உண்டு. இதன் விஞ்ஞானப் பெயரில் உள்ள 'பைடார்க்குவேட்டஸ்' என்ற சொல்லும் 'இரு கழுத்தணி உடையது' என்றே பொருள்படும். கண்கள் பெரியவை. மேலே கூறிய மூன்று உத்திகளும் இதன் உடலில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

1900ஆம் ஆண்டில் அனந்தபூர் அருகே ஹோவர்ட் காம்ப்பெல் என்பவர் இதைக் கண்டார். அதன்பின் யாரும் கண்டதாகச் செய்தி இல்லை. பல முறை தேடியும் பயன் கிட்டவில்லை.

1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் மீண்டும் தேடலைத் தொடங்கியது. சங்கத்தின் ஆராய்ச்சியாளர் பாரத் பூஷண், பறவையின் படத்தைக் காட்டிச் சிற்றூர் மக்களிடம் விசாரித்தார். 1986 ஜனவரியில், காஞ்சிபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், கடப்பை மாவட்டத்து ரெட்டிப்பள்ளி அருகே ஐத்தன்னா என்ற வேட்டைக்காரர் அப்பறவையை உயிருடன் பிடித்தார். பிடித்தது பகலில் அன்று, இரவில், விளக்கொளியில். பிடிபட்ட பறவை சில நாட்களிலேயே இறந்துவிட்டது. எனினும் ஐயம் தீர்ந்தது: அந்த இனம் வாழ்ந்துகொண்டிருந்தது.

ஒரு சிறு கணக்கு

86 ஆண்டுகள் ஏன் தெரியவில்லை? ஒரு கணக்கின் உதவியால் பார்ப்போம்.

ஒரு காட்டில் பறவை இருக்கிறது என்றும், ஓர் இரவு தேடினால் அது தென்படும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் இரவில் அது தப்பிவிடும் வாய்ப்பு 0.8. இரண்டு இரவுகளிலும் தப்பும் வாய்ப்பு 0.8 × 0.8 = 0.64. ஐந்து இரவுகளுக்குப் பின் அது 0.33, பத்து இரவுகளுக்குப் பின் 0.11, இருபது இரவுகளுக்குப் பின் 0.01. அதாவது, ஓரிரவு தேடிவிட்டு 'இங்கே இல்லை' என்று சொல்பவரின் பேச்சை நம்ப முடியாது. இருபது இரவு தேடியவரின் பேச்சை ஏறக்குறைய நம்பலாம்.

இப்போது வேறொருவர் பகலில் தேடுகிறார் என்று கொள்வோம். பறவையோ இரவில் நடமாடுவது. பகலில் புதரடியில் அசையாமல் கிடப்பது. தென்படும் வாய்ப்பு பூஜ்யம் என்றால் தப்பும் வாய்ப்பு 1. ஒன்றை எத்தனை முறை ஒன்றால் பெருக்கினாலும் ஒன்றுதான்! அவர் நூறு நாள் தேடினாலும் ஒரு நாள் தேடியதற்குச் சமம். தவறான முறையில் செய்யும் தேடலில், உழைப்பு கூடினாலும் அறிவு கூடுவதில்லை.

'காணவில்லை' என்பது ஒரு செய்தி. 'இல்லை' என்பது ஒரு முடிவு. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போகும்முன், 'இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்குமா?' என்று கேட்டாக வேண்டும். இதுவே விஞ்ஞான முறை.

இதற்கு ஒரு வியப்பான சான்று பின்னர் வெளிப்பட்டது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு முட்டை இருந்தது. 1917இல் கோலார் தங்கவயல் பகுதியில் ஒரு கால்நடை மருத்துவர் எடுத்த முட்டை அது. அதிலிருந்த டி.என்.ஏ.வைப் பாடம் செய்த பழைய பறவைகளின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டபோது, அது ஜெர்டன் கோர்சரின் முட்டையே என்று உறுதியாயிற்று. 2013இல் இச்செய்தி வெளிவந்தது. 'யாரும் காணவில்லை' என்று எழுதப்பட்ட காலத்திலேயே ஒருவர் அதன் முட்டையைக் கையில் எடுத்திருக்கிறார்!

மணலில் பதிந்த சான்று

கண்ணால் காண முடியாததை வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ப. ஜெகநாதனும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டை ஒட்டி எளிய முறை ஒன்றைக் கையாண்டனர். காட்டில் பல இடங்களில் தரையைச் சமன்செய்து நுண்மணலைப் பட்டையாகப் பரப்பினர். இரவில் அதன்மேல் நடக்கும் பறவை தன் காலடித் தடத்தை விட்டுச் செல்லும். கோர்சருக்குப் பின்விரல் கிடையாது. முன்னோக்கிய மூன்று விரல்களே உண்டு. ஆனால் ஆட்காட்டி, கண்கிலேடி போன்றவற்றின் தடமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எனவே தடத்தை அளந்து ஒப்பிட வேண்டும். தானே படமெடுக்கும் காமிராக்களையும் வைத்து முடிவைச் சரிபார்த்தனர்.

குரலும் உதவியது. சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் ஆனபின், சிறிது நேரம் மட்டும் இப்பறவை இரட்டைக் குரலில் திரும்பத் திரும்பக் கூவும். பதிவு செய்த குரலை ஒலிபரப்பிப் பதில் வருகிறதா என்று கேட்டனர். இலங்கையிலும் இப்படி நடந்ததுண்டு. தீபால் வரகாகொட என்பவர் 1995இல் காட்டில் ஒரு புதுக் குரலைக் கேட்டார். குரலுக்குரிய சிற்றாந்தையை அவர் கண்ணால் கண்டது 2001இல்தான்.

தடங்கள் மற்றொன்றையும் தெரிவித்தன. இப்பறவை அடர்ந்த காட்டையும் விரும்புவதில்லை, வெட்டவெளியையும் விரும்புவதில்லை. ஒரு ஹெக்டேரில் இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த புதர்கள் 300 முதல் 700 வரை உள்ள நிலமே அதற்கு ஏற்றது. ஆடுமாடுகள் அளவாக மேய்ந்தால் நிலம் இவ்வாறு இருக்கும். மேய்ச்சலும் விறகு வெட்டலும் மிகுந்தால் வெட்டவெளியாகும். அறவே நின்றால் புதர் மண்டிவிடும்.

கால்வாயும் புதர்க்காடும்

பறவை கிடைத்த பகுதி பின்னர் ஸ்ரீலங்காமல்லேசுவரா சரணாலயம் ஆயிற்று. ஆனால் தெலுங்கு கங்கைத் திட்டத்தைச் சேர்ந்த கால்வாய் ஒன்று இப்பறவையின் வாழிடத்தின் வழியே திட்டமிடப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் தங்கள் சான்றுகளைக் காட்டி எடுத்துரைத்தபின் கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவருவதும் இதே தெலுங்கு கங்கைத் திட்டம்தான். குடிநீரும் வேண்டும், பறவையும் வேண்டும் என்றால், எங்கே தோண்டலாம், எங்கே தோண்டக்கூடாது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மணலில் பதிந்த தடம் இல்லாவிட்டால் அது தெரிந்திருக்காது. முட்புதர்க்காட்டைத் 'தரிசு' என்று நாம் கணக்கில் எழுதுகிறோம். அங்கே எதுவும் இல்லையா, அல்லது நமக்குத் தெரியவில்லையா?

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குப் பின், மீண்டும் பல ஆண்டுகள் இப்பறவை பற்றி உறுதியான செய்தி இல்லை. அழிந்துவிட்டதோ என்ற அச்சம் மறுபடியும் எழுந்தது. 2025 ஆகஸ்டில் ஆந்திரத்தில் பறவை ஆர்வலர்கள் அதன் குரலைக் கேட்டுப் பதிவு செய்தனர். தேடல் முடியவில்லை.

செய்து பாருங்கள்

1. பழுப்பு நிறக் காகிதத் துண்டுகள் ஐம்பதும் சிவப்புத் துண்டுகள் ஐம்பதும் எடுத்து, பள்ளி மைதானத்தின் மண்ணில் தூவுங்கள். நண்பர் ஒருவரை ஒரு நிமிடத்தில் எத்தனை முடியுமோ அத்தனை பொறுக்கச் சொல்லுங்கள். எந்த நிறத்தில் எத்தனை கிடைத்தன? பறவையின் உயிருக்கு நிறம் எவ்வளவு உதவும் என்பது புரியும்.

2. தோட்டத்தில் ஓரிடத்தில் நுண்மணலைப் பட்டையாகப் பரப்பி, காலையில் சென்று பாருங்கள். நடந்தவை எவை? காகம், மைனா, பூனை ஆகியவற்றின் தடங்களை வரைந்து, அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. கோடை மாலையில், பெரியவர் ஒருவருடன் ஏரிக்கரையில் அமைதியாக நில்லுங்கள். வெண்கலத் தட்டில் கோலிக்குண்டு விழுந்து, துள்ளித் துள்ளி அடங்குவது போன்ற ஒலி கேட்டால் அது பக்கி. பகலில் நீங்கள் பலமுறை கடந்து சென்ற இடமாகவே அது இருக்கலாம். தரையில் முட்டைகளைக் கண்டால் உடனே விலகிவிடுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைக் காகம் கவனித்துக்கொண்டிருக்கும்.

4. ஓரிரவு தேடினால் தென்படும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், பத்து இரவுகளிலும் பறவை தப்பிவிடும் வாய்ப்பு எவ்வளவு? 'இங்கே இல்லை' என்று சொல்ல எத்தனை இரவுகள் போதும் என்று கருதுகிறீர்கள்?