அவுட்சைடு என்றால் எதற்கு வெளியே?

கேம்பல் பே, கிரேட் நிக்கோபார் தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஊர். முன்னாள் படைவீரர்களின் குடும்பங்களை 1969 முதல் அரசு இங்கே குடியேற்றியது. பஞ்சாபியர் வந்தார்கள். தமிழர், மலையாளிகள், தெலுங்கர், மராட்டியர் வந்தார்கள். பல மொழி பேசும் இந்த ஊரில் ஆங்கிலச் சொற்கள் சில தெரிந்திருப்பது நல்லது. அவற்றுள் ஒன்று 'அவுட்சைடு'.

பொருள்

'அவுட்' என்றால் வெளி. 'சைடு' என்றால் பக்கம். இரண்டும் சேர்ந்தால் வெளிப்பக்கம், வெளியே. இதன் எதிர்ச்சொல் 'இன்சைடு'. அதாவது உள்ளே.

'வெயிட் அவுட்சைடு' - வெளியே காத்திருங்கள்.
'கீப் ஷூஸ் அவுட்சைடு' - காலணிகளை வெளியே வையுங்கள்.

சொல் நிற்கும் இடம்

தமிழில் 'வீட்டுக்கு வெளியே' என்று சொல்வார்கள். 'வீடு' முதலில் வரும். 'வெளியே' பிறகு வரும். ஆங்கிலத்தில் இது தலைகீழ். 'அவுட்சைடு தி ஹவுஸ்' என்பார்கள். 'கேட்டுக்கு வெளியே' என்பது 'அவுட்சைடு தி கேட்' ஆகும்.

ஆகவே 'அவுட்சைடு' என்று படித்ததும் நின்றுவிடாதீர்கள். அடுத்த சொல்லையும் படியுங்கள். எதற்கு வெளியே என்பது அங்கேதான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் 'அவுட் பேஷண்ட்' என்று எழுதியிருக்கும். வெளிநோயாளி என்று பொருள். அவர் வாசலில் நிற்க வேண்டியதில்லை. உள்ளே போய் டாக்டரைப் பார்க்கலாம். படுக்கையில் சேராமல் மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர் என்பதே பொருள்.

'அவுட்' என்று தொடங்குவது எல்லாம் 'வெளியே' ஆகாது. கடையில் 'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்றால் சரக்கு தீர்ந்துவிட்டது. 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்றால் பழுது.

யார் வெளியாள்?

'அவுட்சைடர்' என்றால் வெளியாள். இந்தச் சொல்லுக்கு கிரேட் நிக்கோபாரில் பெரிய பொருள் உண்டு.

தீவின் பெரும்பகுதி பழங்குடியினர் காப்புப் பகுதி. ஆங்கிலத்தில் 'டிரைபல் ரிசர்வ்' என்பார்கள். ஷோம்பென் மக்களும் நிக்கோபாரி மக்களும் இத்தீவின் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் ஷோம்பென் மக்கள் 229 பேர் மட்டுமே இருந்தார்கள். காப்புப் பகுதிக்குள் வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் போவது குற்றம். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்ட ஒழுங்குமுறை அப்படிச் சொல்கிறது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? காடு ஷோம்பென் மக்களின் வாழ்வு. அதை இழந்தால் அவர்களுக்கு உணவு இல்லை. நோய் இன்னொரு காரணம். வெளியே சாதாரணமாகப் பரவும் சளிக் காய்ச்சல், அதற்குப் பழகாத உடம்புக்கு உயிர் ஆபத்தாகலாம்.

கேம்பல் பே கடைத்தெருவில் பல ஆண்டுகள் வாழ்ந்த தமிழர் உள்ளூர்க்காரர். காப்புப் பகுதியின் எல்லையில் நிற்கும்போது அவரே வெளியாள். ஆள் மாறவில்லை. கோடுதான் வேறு. 'அவுட்சைடு தி டிரைபல் ரிசர்வ்' என்றால் காப்புப் பகுதிக்கு வெளியே. 'இன்சைடு' என்றால் உள்ளே. ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் சட்டத்தை மீறிவிட நேரும். பிறர் உயிருக்கும் கேடு வரலாம்.

கோடும் நகரும்

தீவின் தென்முனை இந்திரா முனை. இந்தியாவின் தென்கோடியும் அதுவே. அங்கே தரையில் ஒரு கலங்கரை விளக்கம் நின்றது. 2004 டிசம்பர் 26-இல் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. நிலம் சுமார் 4 மீட்டர் தாழ்ந்தது. விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. கடலுக்கு வெளியே இருந்தது கடலுக்குள் ஆயிற்று. விளக்கம் இடம் மாறவில்லை. கரைதான் உள்ளே வந்துவிட்டது.

ஆகவே 'அவுட்சைடு' என்று எங்கே கண்டாலும் முதலில் கேளுங்கள்: கோடு எங்கே? எதற்கு வெளியே?

பயிற்சி

1. 'அவுட்சைடு தி ஷாப்' - தமிழில் சொல்லுங்கள்.
2. 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்பதன் பொருள் என்ன?
3. உங்கள் ஊரில் 'வெளியே' என்று எழுதிய பலகை ஒன்றைப் படியுங்கள். அது எதற்கு வெளியே என்று எழுதுங்கள்.