நெல் விலையும் நிலம் இழந்தவர்களும்

கேள்வி: 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மிய உழவர்கள் நிலம் இழந்ததற்கு, செட்டிநாட்டிலிருந்து போய் அங்கே கடன் கொடுத்த செட்டியார்களின் வட்டிதானே காரணம்?

பதில்: பாதி உண்மை. உள்ளூர் பர்மியக் கடன்காரர்களைவிடச் செட்டியார்கள் வாங்கிய வட்டி பொதுவாகக் குறைவு. அந்த வட்டியைக் கட்டிக்கொண்டேதான் கீழ்ப் பர்மாவின் டெல்டாவில் உழவர்கள் காடழித்து வயல் கண்டார்கள். 1930க்குப் பிறகு மாறியது நெல் விலைதான். சில ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போயிற்று. வருமானம் நெல்லில், கடனோ ரூபாயில். ஒரு வண்டி நெல்லில் அடைந்த தவணைக்கு இப்போது இரண்டு வண்டி போதவில்லை. அரசின் வரியும் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. 1930 டிசம்பரில் தராவடியில் சாயா சான் தலைமையில் வெடித்த உழவர் கிளர்ச்சிக்குப் பின்னால் தலைவரி மீதான கோபமும் இருந்தது.

நிலத்தைப் பிடுங்கத்தானே கடன் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். கணக்கு வேறு சொல்கிறது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில், பல பத்தாண்டுகள் கடன் கொடுத்த பிறகும், 1930இல் செட்டியார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938க்குள் அது ஏறக்குறைய 25 சதவீதம். நிலமே குறி என்றால் அத்தனை காலம் ஏன் காத்திருக்க வேண்டும்? நிலத்தின் விலையும் விழுந்துவிட்டதால் கைக்கு வந்ததை அவர்களால் விற்கவும் முடியவில்லை. செட்டிநாட்டில் பணம் போட்டவர்களுக்கோ பதில் சொல்லியாக வேண்டும். (லேவாதேவிக்காரருக்கு வயல் ஒரு தலைவலி.) இதனால் செட்டியார்கள் பழியிலிருந்து தப்பிவிடவில்லை. விலை சரிந்த நட்டத்தைப் பகிர்ந்துகொள்ள அடமானச் சட்டத்தில் வழி இல்லை, அவர்களும் அந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தன் வயலிலேயே குத்தகைக்காரனாக நின்ற குடும்பத்தின் கண்ணுக்கு லண்டன் தானியச் சந்தை தெரியவில்லை, கடைவீதியில் இருந்த செட்டியார்தான் தெரிந்தார்.